இரண்டு பெயர்கள் இருந்த கல்

நைனா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ பேசியதைவிட மூக்கை உறிஞ்சியதுதான் அதிகம். அந்த மஸ்கட்டில் ஏசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் உன் காதில் ஏறாது. மாப்பிள்ளை சளியும் இருமலுமாக வந்து இறங்கினால் வேப்பம்பட்டுக்காரர்கள் பெண் கொடுக்க யோசிப்பார்கள், சொல்லிவிட்டேன். போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், அதற்கும் காசு ஓடும். தாளில் அழுதால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, உன் அறையில் இருக்கும் நம் பக்கத்துப் பையன்களுக்கும் படித்துக் காட்டு. அவர்கள் ஊரிலும் இப்படி ஏதாவது ஒரு கல் இருக்கும்.

"முதல் பத்திரிகையக் கல்லுக்கு வெச்சிட்டியாம்மா?" என்று கேட்டாய். நான் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரன் கதைக்குத் தாவினேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். நம் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை உன் தாத்தாவின் கல்லுக்குத்தான் போகும் என்பது உனக்கும் தெரியும். உன் அக்காக்களுக்கு அப்படித்தான் செய்தோம். இப்போது வைப்பதற்குக் கல் இல்லை, இத்தனை நாள் உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ வந்து இறங்கி, பழக்க தோஷத்தில் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போய், அங்கே இரும்புக் கம்பெனியின் மதில் சுவரைப் பார்த்துத் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

தாத்தாவின் கதை தெரியும் என்பாய். நீ கேட்டது ஆடித் திருவிழாவில் மைக்கில் சொன்ன கதை. அதில் அவர் கையில் கத்தி இருக்கும், வெள்ளைக்காரன் நான்கு பேரை வெட்டுவார், கைதட்டல் கிடைக்கும். அவர் யாரையும் வெட்டவில்லை. எல்லப்பன் என்கிற அந்த மனுஷன் நான் என் அம்மா வயிற்றில் இருக்கும்போது மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அங்கே கடை வைத்திருந்த ஒரு பழவேற்காட்டு முதலாளியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்த காசிம் அவருக்குச் சிநேகிதமானார். இரண்டு பேருக்கும் ஒரே கடற்கரை, ஒரே பேச்சு. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு, வெள்ளைக்காரனை விரட்ட அங்கே நம் ஆட்களைச் சேர்த்து ஒரு படை கட்டினார்கள். இவர்களும் சேர்ந்தார்கள். இந்தக் கடற்கரை தெரிந்தவர்கள் என்பதால் உளவு பார்க்க இவர்களைத்தான் அனுப்பினார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, ரப்பர் படகில் ஏறி, கரையில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் நேராகப் பட்டணத்துக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். உன் தாத்தாவுக்குப் பெற்ற பெண்ணை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அந்தப் பெண் நான்தான்.

அவர் வந்தார், என்னைத் தூக்கினார், என் கன்னத்தில் அவர் தாடி குத்தி நான் அழுதேன் என்று அம்மா சொல்லுவாள். காசிம் வீட்டுக்குள் வரவில்லை. ஏரிக்கரையில் காத்திருந்தார். அவர் பாட்டுக்குப் பழவேற்காட்டுக்குப் போயிருக்கலாம், அவருக்கும் அங்கே வீடு வாசல் இருந்தது, அக்கா இருந்தாள். சிநேகிதன் திரும்பி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, விடிவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஏரிக்கரையிலேயே இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்தார்கள். பட்டணத்துச் சிறையில் சேர்த்துத் தூக்கில் போட்டார்கள். உடலைத் தரவில்லை. அதனால்தான் பிடிபட்ட இடத்தில் கல் நட்டார்கள், சுதந்திரம் வந்த பிறகு, நம் சேரி ஜனம் கூடி. "எல்லப்பன், காசிம். தேசத்துக்காகத் தூக்கில் உயிர் விட்டவர்கள்." அவ்வளவுதான் அதில் வெட்டியிருந்தது.

சர்க்காரில் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. என் அம்மா தியாகி பென்ஷனுக்கு அலைந்தபோது, ஜெயிலில் கூட இருந்த யாரிடமாவது சான்று வாங்கி வா என்றார்கள். தூக்கில் போட்டவன் சான்று வாங்கிக்கொண்டா போவான்? அம்மா அதோடு விட்டுவிட்டாள். கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். எனக்குச் சத்துணவுக்கூடத்தில் வேலை கிடைத்தபோதும் அவள் முதலில் போய்ச் சொன்னது அந்தக் கல்லிடம்தான்.

கல் எப்படிச் சாமியானது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரோ ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேண்டிக்கொண்டு, இறங்கியதும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருப்பாள். அடுத்தவள் எண்ணெய் ஊற்றியிருப்பாள். அப்புறம் தொட்டில் கட்டினார்கள், ஆடியில் கூழ் ஊற்றினார்கள், பட்டாளத்தய்யா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "உசுரோட இருந்தப்போ ஒரு வாய் கூழு ஊத்துனாங்களா? செத்தப்புறம் குடம் குடமா ஊத்துறானுங்க" என்பாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. சேரி ஜனம் நட்ட கல்லுக்கு மெயின் ரோட்டுக்காரர்களும் வந்து கும்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்திருந்தது, மறைப்பானேன். வருஷா வருஷம் பூசிய மஞ்சளும் எண்ணெயும் இறுகிப் பட்டை கட்டி எழுத்துகள் அடியில் போய்விட்டன. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அந்தப் பெயர்களை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். நீ எழுத்துக் கூட்டியது அதில்தான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், பாதி பொய், பாதி நிஜம்.

வருஷத்துக்கு ஒரு தரம் பழவேற்காட்டிலிருந்து காதர் பாய் வருவாரே, காசிமின் அக்கா பிள்ளை, உனக்குக் கருவாட்டுப் பொட்டலம் கொண்டு வந்து தருவாரே, அவர் மட்டும் கும்பிட மாட்டார். ஒரு ரோஜா மாலையைக் கல்லின்மேல் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். கூழ் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை, அவரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

நீ மஸ்கட் போன அடுத்த வருஷம் கம்பெனி அந்தப் பக்கம் நிலம் எடுத்தது. அளக்க வந்தவர்கள் கல்லின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் கொதித்தது. தாலுகா ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒருவர் ரொம்பப் பொறுமையாகவே பேசினார். "நினைவுச் சின்னம்னா அரசாங்கப் பட்டியல்ல இருக்கணும்மா. இது புறம்போக்குல ஒரு கல்லு. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். ஒரு பத்திரிகைக்காரர் வந்து தாத்தாவின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் தேசிங்கு அந்த யோசனையைச் சொன்னான். நம் பக்கத்து வீட்டுத் தேசிங்குதான், இப்போது ஊருக்குத் தலைவர் மாதிரி. "அக்கா, நெனவுச் சின்னம்னா எவன் மதிக்கிறான்? சாமின்னு எழுதிக் குடுப்போம். கோயிலுன்னு சொன்னா கைய வெக்க அவனுக்கு ஈரக்கொல நடுங்கும்" என்றான். கேட்டவர்கள் எல்லோருக்கும் சரி என்று பட்டது. எனக்கும் பட்டது. உன்னைப் போனில் கேட்டேன், நீயும், "சூப்பர்மா, அப்படியே எழுதிக் குடுங்க" என்றாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை நைனா. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த நாட்டில் இடிக்க முடியாதது கோயில் ஒன்றுதான் என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். மனுவில் எழுதினோம்: இது எங்கள் குலதெய்வம் பட்டாளத்தய்யா கோயில், பரம்பரையாக வழிபட்டு வருகிறோம். எல்லப்பன், காசிம் என்கிற பெயர்களை அதில் எழுதவில்லை. எழுதினால் கோயில் என்று எப்படி நம்புவார்கள் என்று தேசிங்கு கேட்டான்.

காதர் பாயிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பழவேற்காட்டுக்குப் போய்ச் சொன்னேன். கடையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க இன்னா பண்ணாலும் பண்ணுங்கக்கா. மாமா பேரு இருக்கற எடம் இருந்தா போதும். நாங்க எப்பவும் போல வந்து நின்னுட்டுப் போறோம்" என்றார். எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கியிருக்கக் கூடாது.

கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவான் என்று பார்த்தால் பழத்தட்டோடு வந்தான். நல்ல வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், வாய் நிறைய அம்மா. "சாமி விஷயத்துல நாங்க விளையாட மாட்டோம்மா. எங்க முதலாளி பெரிய பக்திமான். ரோட்டோரமா நல்ல இடத்துல கோபுரத்தோட கோயில் கட்டித் தர்றோம். முறைப்படி எடுத்துட்டுப் போயி, முறைப்படி வெச்சுக் குடுப்போம்" என்றான். ஊரில் பாதிப் பேர் முகத்தில் அப்போதே விளக்கு எரிந்தது. பையன்களுக்குக் கம்பெனியில் வேலையும் உண்டு என்றான், கொடுக்கவும் செய்தான், கான்ட்ராக்டில்தான் என்றாலும் கொடுத்தான். நான் மட்டும் எழுந்து, "கல்ல அங்கேர்ந்து எடுக்கக் கூடாது. அவங்கள அங்கதான் புடிச்சாங்க" என்றேன். தேசிங்கு என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "அக்கா, சாமிதான் எங்கயும் இருக்குமே. பேஜாரு பண்ணாத" என்றான். சாமி எங்கேயும் இருக்கும் என்பது சரிதானே. மனுஷன்தான் ஒரு இடத்தில் பிடிபடுவான், ஒரு இடத்தில் சாவான்.

கம்பெனி திருவள்ளூர்ப் பக்கமிருந்து ஒரு குருக்களை அழைத்து வந்தது. நல்ல மனுஷர், கோபப்பட அவரிடம் ஒன்றுமில்லை. கோயிலை இடம் மாற்றினால் அதற்கென்று முறை இருக்கிறது என்றார். கல்லில் இருக்கும் சக்தியை மந்திரம் சொல்லி ஒரு கலசத்துத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும், புதுச் சிலை செய்து அந்தத் தண்ணீரை அதில் சேர்க்க வேண்டும், பழைய கல்லைக் கடலில் விட்டுவிட வேண்டும். "சாமி, அதுல பேரு வெட்டியிருக்குது. எங்க அப்பா பேரு. கூட இன்னொருத்தர் பேரு" என்றேன். "சக்தி போயிடுத்துன்னா அது வெறும் கல்லும்மா, வெச்சுக்கப்படாது" என்றார். அப்படியானால் புதுச் சிலையின் பீடத்திலாவது அந்தப் பெயர்களை வெட்டுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "செத்தவா பேரெல்லாம் கர்ப்பகிரகத்துல வரப்படாதும்மா, தோஷம். நினைவுக்கல்லுன்னு சொல்லியிருந்தா நான் இதுக்கு வந்திருக்கவே மாட்டேன். கோயில்னுதானே எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேள்?" என்றார். ஆமாம் என்றேன். என் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

சிலை செய்கிறவர் என்னிடம் வந்து, "உங்க அப்பா எப்படி இருப்பாரும்மா, மீசை உண்டா?" என்று கேட்டார். தாடி குத்தியது என்று அம்மா சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அதை எப்படிச் சொல்வது? தெரியாது என்றேன். அவர் பெரிய மீசையும் உருட்டு விழியும் வைத்து, கையில் ஒரு வாளையும் கொடுத்து, குதிரைமேல் ஏற்றிவிட்டார். நீ வந்தால் பார்க்கலாம், அழகாகத்தான் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வடித்த கைக்கு அவ்வளவு பெரிய வாள் கொஞ்சம் அதிகம்.

கல்லை எடுத்த நாளைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. எடுப்பதற்கு முன் கல்லைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று குருக்கள் சொன்னார். பெண்கள் எல்லோரும் வெந்நீரும் சீயக்காயும் கொண்டு வந்தோம். பட்டை பட்டையாக மஞ்சளும் எண்ணெயும் பெயர்ந்து விழுந்தன. தேங்காய் ஓட்டால் சுரண்டினோம். அடியிலிருந்து எழுத்துகள் வந்தன. நேற்று வெட்டியது போல அவ்வளவு சுத்தமாக இருந்தன, அந்த எண்ணெய்தான் அவற்றை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றி வைத்திருக்கிறது. தேசிங்கின் மருமகள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், குனிந்து படித்தாள். "எல்லப்பன்… காசிம்…" என்று படித்துவிட்டு நிமிர்ந்து, "இன்னாக்கா, பாய் பேரு இருக்குது? யாரு காசிம்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்தவர்கள் தேங்காய் ஓட்டை எடுத்துச் சுரண்டுவதில் மும்முரமானார்கள். நான் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று அந்தக் கல்லின்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. விழுந்திருந்தால் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நெற்றியில் விபூதி பூசி எழுப்பியிருப்பார்கள்.

கல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். சக்தியை இறக்கிவிட்ட கல்லை வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, அதுவும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் என்று உன் பெயரைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்கள். டிராக்டரில் ஏற்றிப் பழவேற்காட்டுக்குக் கொண்டு போனார்கள். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். படகுத்துறையில் காதர் பாய் நின்றிருந்தார், நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். கல்லைப் படகில் ஏற்றும் முன் அவர் கிட்டே வந்து, காசிம் என்கிற எழுத்தின் மேல் கையை வைத்தார். "இத்தனி வருசத்துல மாமா பேர இப்பத்தான்கா தெளிவா பாக்கறேன்" என்றார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு போவது தெரிந்தது. கல்லைத் தள்ளியது கரையிலிருந்து தெரியவில்லை. கடல் வழியாக வந்தவர்கள் கடலுக்கே போய்விட்டார்கள் என்று தேசிங்கு எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

உன் முதல் பத்திரிகையை நான் காதர் பாய் கையில் கொடுத்தேன். மஞ்சள் தடவித்தான் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குடும்பத்தோடு வருகிறேன் என்றிருக்கிறார், அவர்களுக்குப் பந்தியில் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு, "உங்க ஊட்டு சாம்பார் சாதம் போதும்கா" என்று சிரித்தார்.

உனக்கு இந்தக் கடிதம் முழுக்க ரத்தம் கொதித்திருக்கும், எனக்குத் தெரியும். உன் அப்பா பக்கத்துக் கோபம் உன்னிடம் அப்படியே இருக்கிறது. வந்ததும் தேசிங்கின் சட்டையைப் பிடிக்காதே. அவன் பிள்ளை அந்தக் கம்பெனியில்தான் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான், கை பூராவும் தீக்கொப்புளம். யாரை அடிப்பாய்? நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எந்த இடத்திலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தோம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல். வேப்பம்பட்டிலிருந்து காக்களூர் லேத் பட்டறைக்குப் போய் அவள் அப்பா உழைத்து வளர்த்த பெண், அவளுக்குப் புரியும். செத்தவர்களை ரொம்ப உயரத்தில் தூக்கி வைக்காதீர்கள். நானும் செத்துப் போவேன். என் போட்டோவுக்குப் பொட்டு வைத்துவிட்டு நான் திட்டியதையெல்லாம் மறந்துவிடாதீர்கள். திட்டியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வாயாடி என்று சொல்லுங்கள், பெயரோடு சொல்லுங்கள்.

போன மாதம் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. வாசலில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் முதலாளி பெயர், வெள்ளைச் சட்டைக்காரன் பெயர், தலைவர் என்று தேசிங்கு பெயர் எல்லாம் தங்க எழுத்தில் இருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு தேசிங்கிடம் போய், இதிலாவது ஒரு ஓரத்தில் அந்த இரண்டு பெயரைப் போடக் கூடாதா என்று கேட்டேன். "அக்கா, கோயிலுக்கு எதனா செஞ்சவங்க பேரத்தான் எழுதுறாங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்புறம், "வேணும்னா ஒண்ணு பண்ணுக்கா. டியூப் லைட்டு, ஃபேன் எதனா வாங்கிக் குடு. உபயம்னு பேரு எழுதி மாட்டிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான்.

நான் போய் டியூப் லைட் வாங்கி வந்தேன். பெயிண்டர் எழுத உட்கார்ந்தபோது கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். எல்லப்பன் பெயரை மட்டும் எழுதினால் மண்டபத்திலேயே, சாமிக்கு நேர் எதிரே மாட்டலாம் என்றார்கள். பாய் பெயர் உள்ளே வேண்டாம், நாளைக்கு யாராவது பிரச்னை பண்ணுவார்கள் என்றார்கள். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் நைனா, யோசிக்காமல் இல்லை. என் அப்பா பெயர் சாமிக்கு எதிரே எரிகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. பிறகு, ஏரிக்கரையில் அந்த மனுஷன் என் அப்பாவை விட்டுவிட்டுப் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டு பேரும் சேந்துதான் இருக்கணும். எங்க மாட்டுனாலும் சரி" என்றேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "அப்போ வெளிய செருப்பு வுடற எடத்துல இருட்டா கெடக்குது. அங்க மாட்டிக்கலாம்" என்றார்கள்.

அங்கேதான் மாட்டியிருக்கிறது. உபயம் எல்லப்பன், காசிம் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. பெயிண்டர் எழுத்தைத் தடிமனாகப் போட்டுவிட்டதால் நடுவில் வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான். கழுத்தைக் கொடுத்தவர்கள் டியூப் லைட்டும் கொடுத்தார்கள் என்று ஊர் படிக்கும், படிக்கட்டும். இந்த லைட் எத்தனை நாள் எரியும் என்று எனக்குத் தெரியாது. ஃப்யூஸ் போனால் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு யாராவது உபயத்தை மாட்டிவிடுவார்கள். நான் இருக்கிற வரைக்கும் பார்த்து மாற்றுவேன். அதற்குப் பிறகு நீ எங்கே இருந்தாலும், யாரிடமாவது சொல்லி ஒரு லைட் வாங்கி, இரண்டு பெயரையும் எழுதி மாட்டச் சொல். கல்யாணம் முடிந்து பெண்டாட்டியோடு கோயிலுக்குப் போகும்போது உள்ளே போக அவசரப்படாதே. செருப்பைக் கழற்றும் இடத்தில் ஒரு தரம் நிமிர்ந்து பார்.

அம்மா